சுண்ணாம்பை அப்பால் வையுங்கள், தங்கச்சி

வாசகி கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 34 வயது. புதுக்குடியிருப்புப் பக்கம். ஆடைத் தொழிற்சாலையில் மெசினில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். சின்னவன் வயிற்றில் இருந்த நாளிலிருந்தே முக்கித்தான் வெளிக்குப் போவேன். இரண்டு மாதமாக நோவில்லாமல் சிவப்பாக இரத்தம் சொட்டுகிறது. கழுவும்போது மஞ்சாடி விதை அளவில் ஒன்று கையில் தட்டுப்படும், பிறகு தானாக உள்ளே போய்விடும். வேலை இடத்தில் அடிக்கடி எழும்பிப் போக ஏலாது என்பதால் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. மாமி உடம்புச் சூடு என்று கோழிக்கறியை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு அன்ரி சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசச் சொல்கிறார். ஆம்பிளை டொக்டரிடம் காட்ட வெட்கம். இது புற்றுநோயாக இருக்குமோ? வீட்டு வைத்தியத்தில் மாறுமா?

பதில்: தங்கச்சி, அந்தச் சுண்ணாம்பை முதலில் அப்பால் வையுங்கள். நான் வார்ட்டில் தாதியாக நின்ற காலத்தில் வயல்கார ஐயா ஒருவர் இப்படித்தான் பூசிக்கொண்டு வந்தார். மூலத்துக்காக வரவில்லை, வெந்துபோன தோலுக்காக வந்தார். மூலம் இருந்தபடியே இருந்தது, மேலதிகமாக ஒரு புண். இருக்கவும் ஏலாமல் படுக்கவும் ஏலாமல் அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. சுண்ணாம்பு தோலை அரிக்கும். அதுவும் அந்த இடத்துத் தோல் எவ்வளவு மெல்லியது!

மூலம் என்பது வெளியிலிருந்து வந்து முளைத்த கட்டி இல்லை. ஆசனவாயின் உட்புறத்தில் எல்லாருக்குமே இரத்தக்குழாய்களால் ஆன மெத்தை போன்ற திசு உண்டு. ஆசனவாயை இறுக்கி மூடி வைக்க அது உதவுகிறது. மலம் இறுகி, நாள்தோறும் முக்க முக்க, அந்த மெத்தை வீங்கித் தளர்ந்து கீழே சரியும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அந்தப் பக்கத்து இரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடுவதால் அப்போதே பலருக்குத் தொடங்கிவிடும். உள்மூலம் இருக்கும் இடத்தில் நோவு தெரியும் நரம்பு இல்லை, அதனால்தான் உங்களுக்கு நோவில்லாமல் இரத்தம் மட்டும் வருகிறது. வெளியே வந்து தானாக உள்ளே போவதை இரண்டாம் நிலை என்பார்கள். போகும்போது கண்ணாடித் துண்டால் கீறியது போல் வலித்தால் அது பெரும்பாலும் ஆசனவாய்த் தோலில் வந்த வெடிப்பு, மூலம் இல்லை. எங்கள் ஊரில் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்லுகிறோம்.

நீங்கள் எழுதிய அடையாளங்கள் மூலத்தோடுதான் ஒத்துப்போகின்றன. மூலம் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கடிதத்தை வைத்து நானோ, வாசலில் நின்று அன்ரியோ சொல்ல முடியாது. ஒருமுறை காட்டத்தான் வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் காசும் இல்லை. உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் முதலில் சொல்லுங்கள், பிள்ளைப்பேறு பார்த்தவருக்கு இதெல்லாம் புதிதா என்ன? பெண் டொக்டர் இருக்கும் நாளைக் கேட்டுப் போகலாம். இல்லாவிட்டாலும் ஒரு மிஸ்ஸி (தாதி) பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். இடதுபக்கம் சரிந்து, முழங்காலை மடித்துப் படுக்கச் சொல்வார்கள். துணியால் மூடித்தான் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு நிமிட வேலை. இரண்டு மாதமாக இரத்தம் போவதால் இரத்தசோகை இருக்கிறதா என்றும் சோதிக்கட்டும். இரும்புச்சத்துக் குளிசை தந்தால் மலம் கறுக்கும், இறுகவும் செய்யும், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். குளிசை எடுக்காமலே மலம் தார் போல் கறுப்பாகப் போனாலோ, இரத்தம் மலத்தோடு கலந்து வந்தாலோ, மெலிந்துகொண்டு போனாலோ, காய்ச்சலோடு வலி வந்தாலோ நாள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

சரி, வீட்டில் செய்யக்கூடியதற்கு வருவோம். ஆகச் சிறந்தது ஒரு பிளாஸ்ரிக் பேசின். இடுப்பு அமரக்கூடிய அகலத்தில் ஒன்றை இதற்கென்றே எடுத்து வையுங்கள். கேத்தலில் கொதித்த நீரைக் கிணற்றுத் தண்ணீரோடு கலந்து, முழங்கையை விட்டுப் பாருங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டும் சூடு இருந்தால் போதும். டெட்டோல், உப்பு, மஞ்சள் ஒன்றும் வேண்டாம், வெறும் நீர்தான். 10 முதல் 15 நிமிடம் அதில் இருங்கள். வெளிக்குப் போய் வந்த பிறகு ஒருமுறை, படுக்கப் போகுமுன் ஒருமுறை. இறுகி நிற்கும் தசை இளகும், எரிச்சலும் கடியும் குறையும். பிறகு பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவினால் உராய்வு குறையும். கற்றாழைச் சோறு சிலருக்குக் குளிர்ச்சி தரும், சிலருக்குக் கடிக்கும். கடித்தால் கழுவிவிடுங்கள். துத்தியிலையைக் கறியாக்கிச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரத்தம் வரும் இடத்தில் அரைத்து வைத்துக் கட்டுவதில் உண்டு.

இதெல்லாம் ஆறுதலுக்குத்தான். காரணம் உங்கள் தண்ணீர்ப் போத்தலில் இருக்கிறது. வன்னி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழ், காலையில் ஒரு பிளேன்ரீயோடு மாலை வரை இருந்தால் குடல் மலத்தில் உள்ள நீரையெல்லாம் உறிஞ்சிவிடும். எழும்பிப் போக விடாத இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமில்லை, ஆனால் நாளைக்கே மாறப்போவதும் இல்லை. அதனால் எழும்பியவுடன் இரண்டு கிளாஸ், வேலைக்குப் போனதும் கொஞ்சம், இடைவேளைக்குக் கால் மணி முன்னர் ஒரு கிளாஸ், சாப்பாட்டோடு ஒன்று, வீடு வந்ததும் இரண்டு என்று பிரித்துக் குடியுங்கள். வைத்தியசாலையில் தரும் துண்டுச் சீட்டை மேற்பார்வையாளரிடம் காட்டியும் பாருங்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் உள்ள குடும்பங்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்கள் எவ்வளவு தண்ணீர், என்ன பழம் என்று கிளினிக்கில் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது நார்ச்சத்து. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். பாணும் சம்பலும் காலை, பாணும் பருப்பும் இரவு என்றால் அவ்வளவு வராது. ஒரு கோப்பை அவித்த கௌபியில் ஏறக்குறைய 11 கிராம் இருக்கிறது, அதுவும் எங்கள் தோட்டத்துக் கௌபி! 100 கிராம் கொய்யாவில் 5 கிராம். தீட்டாத மொட்டைக்கறுப்பன் சோறு, குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, பப்பாப்பழம், இவற்றுக்குக் கடைக்குக்கூடப் போகத் தேவையில்லை. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும், இரண்டு கிழமையில் மெல்லக் கூட்டுங்கள். அதற்கும் மலம் இளகாவிட்டால் பாமசியில் இசப்கோல் இருக்கிறது. இரண்டு தேக்கரண்டியை ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரில் கலக்கி உடனே குடித்து, மேலே இன்னொரு கிளாஸ் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துவிடும். நிலாவரை போன்ற பேதி மருந்தை நாள்தோறும் எடுக்க வேண்டாம்.

அப்புறம், மலசலகூடத்துக்குள் போனைக் கொண்டு போகாதீர்கள். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழும்பி வாருங்கள், பிறகு வரும். வந்தபோது அடக்கவும் வேண்டாம். கொமட் என்றால் காலடியில் சின்னப் பலகை ஒன்று வைத்து முழங்காலை உயர்த்துங்கள், முக்கல் குறையும்.

இப்படியெல்லாம் செய்தும் இரத்தம் நிற்காவிட்டால் சத்திரசிகிச்சை கிளினிக்கில் உள்மூலத்துக்குச் சின்ன றப்பர் வளையம் போடுவார்கள். இரத்த ஓட்டம் நின்று, அது ஒரு கிழமையளவில் காய்ந்து விழுந்துவிடும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். மூலம், பவுத்திரம் என்று போர்ட் போட்டு ஊசி போடுகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

கோழிக்கறி? தாராளமாகச் சாப்பிடுங்கள். மிளகாய்த்தூள் மூலத்தை உண்டாக்காது, போகும்போது எரிக்கும், அவ்வளவுதான். தூளைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் முருங்கையிலை வறையும் இருக்கட்டும். மாமிக்கும் அது பிடிக்கும்.