ஒன்றுக்கு இரண்டு வேண்டாம், ஒன்றுக்கு மூன்று
வணக்கம். தகைவைக் (பொருளுக்குள் எழும் அழுத்தம், stress) கணக்கிடத் தகட்டைக் கணினியில் சிறு கூறுகளாகப் பிரிக்கும்போது, துளையைச் சுற்றிய நுண் வலையில் (mesh), ஒரு பெரிய ஹெக்ஸா கூறுக்கு (ஆறு நாற்கர முகங்கள் கொண்ட கட்டி) எதிரே இரண்டு சிறியவற்றை வைத்ததால் கணுக்கள் (கூறுகளின் மூலைப் புள்ளிகள்) இணையாமல் தொங்குகின்றன என்கிறீர்கள். மென்பொருளின் பிழையன்று அது. நாற்கர வலையின் எல்லை விளிம்புகள் இரட்டை எண்ணிக்கையில்தான் வர முடியும். 1-க்கு 2 என்றால், பக்கவாட்டு விளிம்புகள் இரண்டையும் சேர்த்து 5 ஆகிவிடும். 1-க்கு 3 என்றால் 6; உள்ளே நான்கு நாற்கரங்கள் அழகாக அடங்கும். அதைத் தளத்தில் வரைந்து தடிமன் வாக்கில் நீட்டுங்கள். தடிமனிலும் பிரிவுகளைக் குறைக்க வேண்டுமானால் அடுத்த அடுக்கில் தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே அடுக்கில் திணித்தால் கூறுகள் கோணிப்போகும்.

முக்கியமாக, சிறிய கூறுகள் பெரியவையாக மாறும் இந்த மாற்ற அடுக்கைத் துளை ஓரத்திலிருந்து ஒரு துளை விட்டமாவது தள்ளி வையுங்கள். ஒருதிசை இழுவையில் அகன்ற தகட்டின் துளை ஓரத்தில் 3 மடங்காகும் தகைவு, அங்கே ஏறக்குறைய 1.07 மடங்காகத் தணிந்திருக்கும்.