ஏரிக்கு அரை மைல் தள்ளி வீடு. புல்தரைக்கு உரம் போட்டால் ஏரி கெட்டுப்போகுமா?

கேட்டவர் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் புறநகரில் இந்த வருஷம்தான் வீடு வாங்கியிருக்கிறார். வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவே ஐந்தாறு தெரு. இவ்வளவு தள்ளி இருக்கும்போது நான் போடும் உரம் அங்கே போய்ச் சேருமா, சேருமென்றால் என்ன செய்யலாம், கம்பெனி ஆளை வைத்து உரம் போடுவது நல்லதா என்று மூன்று கேள்விகள்.

சேரும். ஆனால் நீங்கள் நினைக்கிற வழியாக இல்லை.

நான் செயின்ட் பால் பக்கம் பதினோரு வருஷமாக இருக்கிறேன். வீடு வாங்கிய முதல் வசந்தத்தில் நான் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் ஒரு பெரிய உர மூட்டை வாங்கினேன். 15,000 சதுர அடிக்கு என்று அதன்மேல் எழுதியிருந்தது. எங்கள் புல்தரை மொத்தமே 4,500 சதுர அடி. மீதியைக் கராஜில் வைத்து என்ன செய்வது என்று முழு மூட்டையையும் தூவும் வண்டியில் கொட்டித் தள்ளிவிட்டேன். அந்த வண்டியின் அடியில் ஒரு தட்டு சுற்றும். உருண்டைகளை ஆறேழு அடிக்கு வீசும். டிரைவ்வே, நடைபாதை, தெரு ஓரம் எல்லாம் கல்யாண வீட்டில் அட்சதை இறைந்து கிடப்பதுபோல் கிடந்தது. அன்று ராத்திரி நல்ல மழை. அப்பா யூரியா போடுவதற்கு முன் வானத்தைப் பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். உரம் போட்ட கையோடு மழை, என்ன யோகம் என்று சந்தோஷமாகத் தூங்கினேன்.

காலையில் டிரைவ்வே துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இரண்டு வாரத்தில் புல்தரையில் மஞ்சள் மஞ்சளாகக் கோடு விழுந்தது. புல் கருகிவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்றவர், கோடுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ரோட்டில் கிடந்த உருண்டையெல்லாம் எங்கே போயிற்று தெரியுமா?" என்று கேட்டார். தெருமுனையில் இருக்கிற இரும்புக் கிராதியைக் கைகாட்டினார். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. சமையலறை, கழிப்பறைத் தண்ணீருக்கு ஒரு குழாய், மழைத் தண்ணீருக்கு வேறு குழாய். மழைக் குழாய் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் பக்கத்து ஏரிக்கோ மிசிசிப்பி ஆற்றுக்கோ போய்விடும். சில இடங்களில் நடுவே ஒரு குட்டை இருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரத்துக்கால் உண்டு. எங்கோ மேட்டில் பெய்கிற மழையை அதுதான் கண்மாய்க்குக் கொண்டுவந்து சேர்க்கும். அதில் யாராவது எதையாவது கொட்டினால் ஊரே சண்டைக்குப் போகும். இங்கே தெரு ஓரம் கான்கிரீட்டில் ஒரு சாய்வு போட்டு வைத்திருக்கிறார்களே, அதுதான் வரத்துக்கால். அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கும் ஏரிக்கும் அரை மைல் இல்லை. டிரைவ்வே முடிகிற இடத்தில் ஏரி ஆரம்பித்துவிடுகிறது.

அடுத்தது, உரத்தில் எது ஏரியைக் கெடுக்கிறது என்பது. மூட்டையின் மேல் மூன்று எண்கள் இருக்கும். நம் ஊர் விவசாயிகளுக்கு இது தண்ணிபட்ட பாடு: தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்). அப்பா வாங்கும் டி.ஏ.பி. மூட்டையில் 18-46-0 என்றிருக்கும். நடுவில் இருக்கிற 46, பாஸ்பரஸ் கணக்கு. நெல்லுக்கு மணி பிடிக்கவேண்டும். புல்தரையில் என்ன மணி பிடிக்கப்போகிறது? இந்தப் பகுதி மண்ணில் பெரும்பாலும் புல்லுக்கு வேண்டிய பாஸ்பரஸ் ஏற்கெனவே இருக்கிறது.

புல்லுக்கு வேண்டாத அதே பாஸ்பரஸுக்காக ஏரிப் பாசி காத்துக்கிடக்கிறது. நன்னீர் ஏரிகளில் பெரும்பாலும் பாசியைக் கட்டுக்குள் வைத்திருப்பது பாஸ்பரஸ் பற்றாக்குறைதான். இதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி நிரூபித்தவர் ஏரி ஆராய்ச்சியாளர் டேவிட் ஷிண்ட்லர். கனடாவின் ஒன்டாரியோவில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கி வைத்த ஏரிகளில் 226 என்று எண் போட்ட ஏரி ஒன்று. நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். 1973ல் அந்த இடுப்பில் ஒரு திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பக்கம் பச்சைப் பசேலென்று பாசி பிடித்தது, மற்றது தெளிவாகவே இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படம் இணையத்தில் கிடைக்கும், பாருங்கள். நான் இங்கே எழுதுவதையெல்லாம்விட அது நன்றாகப் புரியவைக்கும்.

ஒரு பவுண்டு பாஸ்பரஸ் சில நூறு பவுண்டு ஈரப் பாசியை வளர்க்கும் என்பது இங்கே எல்லாரும் சொல்கிற கணக்கு. பாசி செத்து அடியில் அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது, மீனுக்கு மூச்சு முட்டுகிறது. நீலப்பச்சைப் பாசியில் சில வகை விஷமும் கக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த நாய்கள் செத்திருக்கின்றன. நாய் வைத்திருந்தால் ஆகஸ்டில் ஏரிக்கரையில் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் தெரிந்தால் இறங்கவிடாதீர்கள்.

மினசோட்டா இதற்கு 2002லேயே சட்டம் போட்டது. புல்தரை உரத்தில் பாஸ்பரஸுக்கு மாநில அளவில் முதலில் கட்டுப்பாடு கொண்டுவந்தது இந்த மாநிலம்தான். 2004ல் மினியாபொலிஸ்-செயின்ட் பால் இரட்டை நகரப் பகுதியில், 2005 முதல் மாநிலம் முழுக்க. புதிதாகப் புல் விதைத்த முதல் பருவம், மண் பரிசோதனையில் பாஸ்பரஸ் குறைவு என்று வந்தால், அப்புறம் பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிற கோல்ஃப் மைதானம், இப்படிச் சில விலக்குகள் உண்டு. மற்றபடி நடு எண் 0 ஆக இருக்கவேண்டும். அதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. எந்த உரமானாலும் சிமென்ட், தார் மேல் விழுந்தால் உடனே அள்ளிவிட வேண்டும். அதாவது அந்த முதல் வசந்தத்தில் நான் தெரியாமலே சட்டத்தை மீறியிருக்கிறேன்.

சட்டம் போட்டதில் பலன் உண்டா? பக்கத்தில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரத்தில் இதே மாதிரி உள்ளூர்ச் சட்டம் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆட்கள் ஹியூரான் ஆற்றுத் தண்ணீரை முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்து, பாஸ்பரஸ் சராசரியாக 28 சதவீதம் குறைந்திருப்பதாக 2009ல் வெளியிட்டார்கள். சட்டத்தோடு விழிப்புணர்வுப் பிரசாரமும் நடந்தது, எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எதுவானால் என்ன, குறைந்தது.

"விவசாயிகள் டன் கணக்கில் கொட்டுகிறார்கள், என் கால் ஏக்கர் புல்லா பெரிசு?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. 2014 ஆகஸ்டில் ஒஹாயோ மாநிலத்து டொலிடோ நகரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே, காய்ச்சியும் குடிக்காதே என்று சொல்ல வேண்டியிருந்தது. ஈரி ஏரியில் வந்த விஷப் பாசி. அதற்குப் பெரும்பங்கு காரணம் மௌமி ஆறு கொண்டுவந்த வயல் உரம்தான், வீட்டுப் புல்தரை அல்ல. ஆனால் உங்கள் பக்கத்து ஏரிக்கு மேலே சோள வயலே இல்லையே. அதன் நீர்ப்பிடிப்பு முழுக்க வீடும் தெருவும் கார் நிறுத்துமிடமும்தான். அங்கே நாம்தான் விவசாயி.

உரத்தை நிறுத்திவிட்டால் ஏரி மறுவருஷமே தெளிந்துவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். செயின்ட் பாலில் கோமோ ஏரி இருக்கிறது. அதன் அடிச்சேற்றில் பல வருஷத்துப் பாஸ்பரஸ் சேர்ந்து கிடக்கிறது. கோடையில் அடித் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் சேறு அதை மறுபடி வெளியே விடும். 2020ல் அந்தச் சேற்றைக் கட்டிப்போட அலுமினியம் சல்பேட் போட்டார்கள். நம் பாட்டிகள் கலங்கல் தண்ணீரில் சுற்றிய படிகாரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நானே எதிர்பார்க்காத விஷயத்துக்கு வருகிறேன். நடு எண் 0 ஆன பிறகும் தெருவிலிருந்து பாஸ்பரஸ் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எங்கிருந்து? இலை. இலையுதிர் காலத்தில் தெருவில் கிடக்கிற இலை மழையில் ஊறினால் டீத்தூளில் சாயம் இறங்குகிற மாதிரி பாஸ்பரஸ் இறங்குகிறது. விஸ்கான்சின் மேடிசனில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தினர் செய்த ஆய்வில், மழைக்கு முன் தெரு இலையைச் சுத்தமாக அள்ளிய இடத்தில் அந்தப் பருவத்துப் பாஸ்பரஸ் 84 சதவீதம் குறைந்தது. அடுத்தது நாய். செயின்ட் பாலில் மிசிசிப்பிக்கு வடிகிற ஏழு பகுதிகளைக் கணக்கெடுத்து 2017ல் வந்த ஆய்வில், பாஸ்பரஸ் வரவில் வளர்ப்பு நாய்க் கழிவு முன்னால் நின்றது, நைட்ரஜன் வரவில் வீட்டு உரம் முன்னால் நின்றது. ஆக, பை எடுத்துப் போகாமல் நாயை நடத்துகிறவரும் ஏரிக்கு உரம் போடுகிறவர்தான்.

சரி, நான் என்ன செய்கிறேன்? வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை உரம், செப்டம்பர் முதல் வாரத்தில், லேபர் டே ஒட்டி. இங்கே வளர்வது கென்டக்கி புளூகிராஸ் மாதிரிக் குளிர்ந்த பருவத்தில் வளரும் புல். கோடையில் அரைத்தூக்கத்தில் இருக்கும், செப்டம்பரில்தான் வேர் பிடித்துச் சாப்பிடும். ஏப்ரலில் கடையில் மூட்டை அடுக்கி வைத்திருப்பார்கள், கை துறுதுறுக்கும், விட்டுவிடுங்கள். அக்டோபர் கடைசியிலும் வேண்டாம், புல் எடுக்காத நைட்ரஜன் நிலத்தடிக்கு இறங்கிவிடும்.

அளவுக் கணக்கு ரொம்பச் சுலபம். 1,000 சதுர அடிக்கு ஒரு தடவையில் 1 பவுண்டு நைட்ரஜனுக்கு மேல் கூடாது. மூட்டையில் முதல் எண் 24 என்றால் நூறு பவுண்டில் 24 பவுண்டு நைட்ரஜன். அப்படியானால் 1,000 சதுர அடிக்கு உரம் 4 பவுண்டு சொச்சம், என் 4,500 சதுர அடிக்கு 19 பவுண்டு. வீட்டு எடைத்தட்டில் நிறுத்து எடுத்துக்கொள்கிறேன். முதல் வருஷம் நான் போட்டது சொல்லப்பட்ட அளவைவிட மூன்று மடங்குக்கும் மேல். கருகாமல் என்ன செய்யும்?

வெட்டிய புல்லை அள்ளுவதில்லை, அப்படியே விட்டுவிடுகிறேன். ஒரு தடவை உரம் போட்டதற்குச் சமமான நைட்ரஜன் அதிலேயே கிடைத்துவிடும். மூன்று அங்குலத்துக்குக் கீழே வெட்டுவதில்லை. தெருவில் தெறித்த புல்லை மட்டும் திருப்பிப் புல்தரைக்குள் ஊதிவிடுகிறேன். வேலி ஓரம் கொஞ்ச இடத்தில் வெள்ளைக் குளோவர் விதைத்திருக்கிறேன். அது பயறு வகைச் செடி, நைட்ரஜனைக் காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். உரமே வேண்டாம், தேனீயும் வருகிறது.

கையில் கொஞ்சம் காசும் இடமும் இருந்தால் மழைத்தோட்டம் போடலாம். கூரைத் தண்ணீர் வந்து நின்று மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு பள்ளம், அதில் ஆழமாக வேர்விடும் உள்ளூர்ச் செடிகள். பர்ன்ஸ்வில் ஊரில் 2003ல் ஒரே தெருப் பகுதியில் 17 வீடுகளில் போட்டுப் பார்த்தார்கள். தெருவில் ஓடுகிற தண்ணீர் சுமார் 90 சதவீதம் குறைந்தது. நான் இன்னும் போடவில்லை. வருஷா வருஷம் அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் கையில் எடுத்தது துடைப்பம்தான். ஹாம்லின் பல்கலைக்கழகம் நடத்துகிற திட்டம் ஒன்று இருக்கிறது, தெரு வடிகால் ஒன்றைத் தத்து எடுத்துக்கொள்ளலாம், பெயரும் வைக்கலாம். மாதத்துக்கு இரண்டு தடவை இலை குப்பையைக் கூட்டி அள்ளினால் போதும். எங்கள் தெருமுனைக் கிராதிக்கு என் மகள் வைத்த பெயர் "கண்மாய்". இப்போது நாலாவது படிக்கிறாள், பாதி நாள் அவள்தான் கூட்டுகிறாள். அக்டோபரில் மட்டும் நானும் போகவேண்டும், மேப்பிள் இலை அவள் ஒருத்திக்கு அடங்காது.

கடைசியாகக் கம்பெனி விஷயம். நானும் இரண்டு வருஷம் ஒரு கம்பெனியை வைத்திருந்தேன். ஒரு மே மாதம் வானம் கறுத்து நிற்கிறது, ஆள் வந்து பத்து நிமிஷத்தில் தூவிவிட்டுக் கதவில் ரசீதைத் தொங்கவிட்டுப் போய்விட்டார். நடைபாதை முழுக்க உருண்டை. காசும் கொடுத்துவிட்டு, மழைக்கு முன்னால் துடைப்பத்தோடு ஓடியது நான். அதோடு நிறுத்திவிட்டேன். எல்லாக் கம்பெனியும் அப்படி என்று சொல்லமாட்டேன். வைத்துக்கொள்வதானால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: நடு எண் என்ன, எந்தெந்த மாதம் போடுவீர்கள், போட்ட பிறகு டிரைவ்வேயைக் கூட்டுவீர்களா. மூன்றாவது கேள்விக்கு எதிர்முனையில் ஒரு நொடி சத்தமே வராது. அந்த ஒரு நொடியை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம்.