‘ஸ்டாண்ட் பை மீ’: எது பிழை, எது பிழையில்லை? (கேள்வி பதில்)

ராப் ரைனர் இயக்கி 1986இல் வந்த ‘ஸ்டாண்ட் பை மீ’ பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. எடிட்டிங் அறையில் சில வருடம் உதவியாளனாக இருந்தவன் நான். இந்தப் படத்தை ஷாட் ஷாட்டாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை. 1959, செப்டம்பர் முதல் வாரம், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கேஸில் ராக் என்ற கற்பனை ஊர். கார்டி, கிறிஸ், டெடி, வெர்ன் என்று பன்னிரண்டு வயதையொட்டிய நான்கு பையன்கள். காணாமல் போன ரே ப்ரவர் என்ற பையனின் உடல் காட்டுக்குள் ரயில் பாதையோரம் கிடப்பது அவர்களுக்குத் தெரியவருகிறது. அதைப் பார்க்கத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள். பிற்காலத்தில் எழுத்தாளனாகிவிட்ட கார்டி இதை நினைத்து எழுதுவதுதான் படம். மூலம், ஸ்டீபன் கிங்கின் ‘தி பாடி’ குறுநாவல்.

கேள்வி: அண்ணா, படத்தின் பெயரிலேயே இருக்கிற ‘ஸ்டாண்ட் பை மீ’ பாட்டு 1961இல்தானே வந்தது? கதை 1959இல் நடக்கிறதே?

பென் இ. கிங் பாடிய அந்தப் பாட்டு 1961தான். ஆனால் பையன்கள் யாரும் அதைக் கேட்பதில்லை, பாடுவதில்லை. முழுப் பாட்டும் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதுதான் வருகிறது. அவர்கள் காதில் விழும் வானொலிப் பாட்டாக வைத்திருந்தால் பிழை. இங்கே இல்லை.

கேள்வி: பாலத்தில் ரயில் துரத்தும் காட்சி நிஜமா, டிரிக்கா? ரயில் அவ்வளவு கிட்டே வந்தும் பிடிக்கவில்லையே?

ரயிலும் நிஜம், பாலமும் நிஜம். வடக்கு கலிபோர்னியாவில் பிரிட்டன் ஏரியின் மேல் இருக்கிற பாலம் அது. கிட்டத்தில் இருப்பது போன்ற தோற்றம் மட்டும் லென்ஸ் தந்தது. நீளமான டெலிஃபோட்டோ லென்ஸ் போட்டால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி தெரியும். நம் ஊரில் கோபுரத்துக்குப் பின்னால் பெரிய நிலா எடுக்கிறார்களே, அதே வித்தைதான். வெர்னும் கார்டியும் ஓடிவரும் ஷாட்டில் எஞ்சின் முதுகிலேயே இருக்கிறது. உண்மையில் அது எவ்வளவோ தள்ளி இருந்தது. அதனால் பையன்களுக்குப் பயமே வரவில்லையாம். கடைசியில் ரைனர் அவர்களைப் பார்த்துக் கத்தித் தீர்த்த பிறகுதான் முகத்தில் அந்த அழுகை வந்தது. தூரத்திலிருந்து எடுத்த ஷாட்களில் ஓடுவது அவர்கள் இல்லை. தலைமுடியை ஒட்ட வெட்டிய, குள்ளமான பெண் ஸ்டன்ட் கலைஞர்கள் நான்கு பேர் டூப் போட்டார்கள். கால் இடறாமல் இருக்கக் கட்டைகளின் மேல் பிளைவுட் பலகை விரித்திருந்தார்கள்.

உங்கள் இரண்டாவது சந்தேகம் சரியானது. ரயில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால்கூட வினாடிக்குப் பதினோரு மீட்டர். பயந்து ஓடும் பையன், அதுவும் தவழ்ந்துகொண்டிருந்து எழுந்து ஓடுபவன், வினாடிக்கு நான்கு மீட்டர் ஓடினால் அதிகம். ஒவ்வொரு வினாடியும் ரயில் ஏழு மீட்டர் நெருங்கியாக வேண்டும். படத்தில் நெருங்குவதில்லை. எடிட்டிங்கில் நேரத்தை இழுத்திருக்கிறார்கள். முகம், எஞ்சின், கால், மறுபடி முகம் என்று வெட்டும்போது ஒரே கணத்தை இரண்டு மூன்று முறை பார்க்கிறோம். கணக்குப்படி தப்பு, காட்சிக்கு அது வேண்டும். நான் அந்த அறையில் இருந்திருந்தாலும் அப்படித்தான் வெட்டியிருப்பேன்.

கேள்வி: ஒரு பிணத்தை முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான் என்கிறான் கார்டி. நான்கு மாதம் முன்னால்தானே அவன் அண்ணன் டென்னி ஜீப் விபத்தில் செத்தான்? சவ அடக்கத்தில் பார்த்திருக்க மாட்டானா?

பலர் கேட்ட கேள்வி. விபத்தில் இறந்தவர்களின் சவப்பெட்டியை மூடியே வைப்பது அங்கே சகஜம், அதனால் அவன் பார்க்காமலே இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. கார்டி அண்ணனுக்காக ஒரு முறைகூட அழுது முடிக்கவில்லை. ரே ப்ரவரின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் உடைந்து அழுகிறான், அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்கிறான். அவனைப் பொறுத்தவரை சாவை நேருக்கு நேர் பார்த்தது அங்கேதான். அந்த வரி அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: டென்னி கொடுத்த தொப்பியை, ஊர் ரவுடிப் பையன்களின் தலைவன் ஏஸ் பிடுங்கிக்கொண்டு போகிறானே, அது திரும்பக் கிடைத்ததா?

இல்லை. படத்தில் கிடைப்பதே இல்லை. சில பேர் இதை மறந்துபோன இழை என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பன்னிரண்டு வயதில் பெரிய பையன்கள் பிடுங்கிய பொருள் எத்தனை பேருக்குத் திரும்பி வந்திருக்கிறது?

கேள்வி: கதை சொல்பவன் கார்டி. ஏஸ் கும்பல் காரில் போய்க்கொண்டே மட்டையால் தபால் பெட்டிகளை அடிப்பது, எதிரே வரும் லாரியோடு மோதப் பார்ப்பது இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்?

இந்தப் படத்தில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். விடை படத்துக்குள்ளேயே இருக்கிறது. இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, ‘பை’ (pie) என்ற பழப் பண்டம் தின்னும் போட்டியில் ஊரையே வாந்தியெடுக்க வைத்த குண்டுப் பையன் கதையைக் கார்டி சொல்கிறான் இல்லையா? அது முழுக்க அவன் கற்பனை. அதையும் படம் ஊர், கூட்டம், மேடை எல்லாவற்றோடும் நிஜம் போலத்தான் காட்டுகிறது. ஆக, கார்டி கற்பனை செய்வதையும் நாம் கண்ணால் பார்ப்போம் என்று படம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஏஸ் காட்சிகளையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

இதையே எல்லாவற்றுக்கும் சாக்காகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு அடுத்த கேள்வி.

கேள்வி: கடைசியில் எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரை அப்படியே அணைத்துவிடுகிறாரே! சேமிக்க வேண்டாமா?

பிழைதான், சந்தேகமே இல்லை. இது நினைவில் நடக்கும் காட்சி கிடையாது, வளர்ந்த கார்டியின் நிகழ்காலம். பன்னிரண்டு வயதில் இருந்த மாதிரி நண்பர்கள் அப்புறம் வாய்க்கவே இல்லை என்ற வரியை அடிக்கிறார், திரையைப் பார்க்கிறார், அணைக்கிறார், வெளியே காத்திருக்கும் மகனிடம் போய்விடுகிறார். அந்தக் காலக் கம்ப்யூட்டரில் ஃபிளாப்பியில் சேமிக்காமல் மின்சாரத்தை நிறுத்தினால் எழுதியது போச்சு. அணைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு விசையைத் தட்டுகிற ஷாட் இருந்திருந்தால் போதும்.

கேள்வி: உடலை முதலில் பார்த்த பெரிய பையன்கள் ஏன் போலீஸிடம் சொல்லவில்லை?

திருட்டுக் காரில் போயிருந்தார்கள். சொன்னால் மாட்டுவார்கள்.

கேள்வி: உடலை எடுத்துப்போக வந்த ஏஸ் கும்பலைப் பையன்கள் துப்பாக்கி காட்டி விரட்டிய பிறகு ஏஸ் சும்மா விட்டானா? ‘மறக்க மாட்டோம்’ என்று சொல்லிவிட்டுத்தானே போனான்?

புத்தகத்தில் விடவில்லை, பையன்கள் ஒவ்வொருவரும் அடி வாங்குகிறார்கள். அங்கே துப்பாக்கியைப் பிடிப்பதும் கிறிஸ்தான். படத்தில் அதைக் கார்டி கையில் கொடுத்திருக்கிறார்கள். அடிபடும் பகுதியை எடுத்துவிட்டார்கள். படம் மட்டும் பார்ப்பவருக்கு அந்த மிரட்டல் அந்தரத்தில் நிற்கத்தான் செய்கிறது. இதைக் கதையின் ஓட்டை என்றால் மறுக்க மாட்டேன்.

கேள்வி: முடிவில் கிறிஸ் நடந்து போகும்போதே காற்றில் கரைந்து போகிறான். என் பிரிண்ட் கோளாறா?

உங்கள் பிரிண்ட் நன்றாகத்தான் இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் காருக்குள் ஒரு செய்தித்தாள் கிடக்கும், வக்கீல் கிறிஸ்டோபர் சேம்பர்ஸ் உணவகத்தில் குத்திக் கொலை என்று. அந்த வக்கீல் இந்தக் கிறிஸ்தான். இரண்டு பேர் சண்டையை விலக்கப் போய்க் கழுத்தில் குத்துப்பட்டான் என்று கார்டியின் குரல் சொல்லும்போதுதான் பையன் கையசைத்துவிட்டு நடக்கிறான். கேமராவை அசைக்காமல் வைத்து, ஆள் இருக்கும் ஷாட்டையும் இல்லாத ஷாட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கரைத்தால் இப்படி வரும். மரமும் பாதையும் அப்படியே இருக்கும், அவன் மட்டும் இருக்க மாட்டான். கிறிஸாக நடித்த ரிவர் ஃபீனிக்ஸ் 1993இல் இறந்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. அதற்கப்புறம் அந்த இடத்தில் மட்டும் படத்தை நிறுத்திப் பார்க்க எனக்குக் கை வரவில்லை.