கோதையாற்றங்கரையில் ஒரு நாள்: கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவிலில் ரயில் ஏறி, குழித்துறையில் இறங்கி, ஆற்றங்கரையோடு மேலே போய், திற்பரப்பில் படகு ஏறிவிட்டு இருட்டும் முன் வீடு திரும்பலாம். வருடத்துக்கு இரண்டு தடவையாவது குடும்பத்தோடு இப்படிப் போய் வருகிறேன். பிறந்தது திருவட்டாற்றுப் பக்கம். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சுசீந்திரத்திலிருந்து ஒரு அக்கா: இரண்டு பிள்ளைகள், முட்டுவலி உள்ள மாமியார். ஒரே நாளில் முடியுமா?

முடியும் அக்கா. காலை வண்டியில் கிளம்புங்கள். திருவனந்தபுரம் போகும் வண்டிகளில் சில கோட்டாற்றில் இருக்கும் நாகர்கோவில் சந்திப்புக்கு வராமல் டவுன் நிலையம் வழியாகவே போய்விடும். அதைப் பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள். போகும்போது வலது பக்கம் உட்காருங்கள். வேளிமலை கூடவே வரும். இரணியல், பள்ளியாடி தாண்டினால் குழித்துறை. அங்கே இறங்கி ஆட்டோ பிடித்தால் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான்.

முதலில் திருவட்டாறு கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் இதைப் பிறகு என்று தள்ளாதீர்கள். கோதையாறும் பரளியாறும் சுற்றி ஓடும் ஊர் என்பதால்தான் திருவட்டாறு என்று பெயர். ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில் படுத்திருக்கிறார். ஒரே வாசலில் நின்று முழுவதும் பார்க்க முடியாது. முகம், நாபி, திருவடி என்று மூன்று வாசலாக நகர வேண்டும். 2022 ஜூலையில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு கும்பாபிஷேகம் நடந்தபோது நின்ற கூட்டத்தை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம். பரளியாற்றுப் பள்ளத்தாக்கின் ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகக் கட்டியது, 1966-ல் முடிந்தது. உயரம் 115 அடி, தூண்கள் 28. மாமியாரைப் பாலத்தின் மேலேயே நடக்கச் சொல்லுங்கள். ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டு அவருக்கு வேண்டாம். கால்வாயில் தண்ணீர் விட்டிருக்கும் மாதமாக இருந்தால் நடுப்பாலத்தில் நின்று மூடுகல்லின் இடுக்கில் காது வையுங்கள். காலுக்கடியில் தண்ணீர் ஓடுவது கேட்கும், அதற்கும் கீழே ஆறு வேறொரு குரலில் ஓடும். என் மகள் ஐந்து வயதில் அந்த இடத்தைவிட்டு எழுந்து வர மறுத்தாள்.

குலசேகரத்தில் சாப்பாடு. மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் கிடைத்தால் விடாதீர்கள். கடைசியாகத் திற்பரப்பு அருவி. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள், ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம்.

தக்கலை: ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஆறு தெரியும்?

குழித்துறையில் இறங்கினால் எந்தப் பக்கமும் தெரியாது. ரயில் பாலம் அந்த நிலையத்துக்கும் குழித்துறை மேற்கு நிலையத்துக்கும் இடையில் இருக்கிறது. ஆற்றைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பாசஞ்சரில் மேற்கு நிலையம் வரை சீட்டு எடுங்கள்.

ராஜாக்கமங்கலம்: படகு எங்கே விடுகிறார்கள்? அருவிக்குக் கீழேயா?

கீழே இல்லை தம்பி, மேலே. அருவிக்கு மேல் தடுப்பணை கட்டி ஆற்றைத் தேக்கியிருக்கிறார்கள். இரண்டு கரையிலும் தென்னையும் ரப்பருமாக நிற்க, நடுவே தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும். அரைமணி நேரம் துடுப்புப் போட்டால் மனசு லேசாகிவிடும். ஆனால் அந்த அமைதிதான் எனக்குப் பயம். தடுப்பணை விளிம்பில் பச்சைப் பாசி படிந்திருக்கும், அதன் மேல் தண்ணீர் விரலளவுதான் வழியும். பார்த்தால் நடந்து போகலாம் போலத் தோன்றும். கால் வைத்தால் நிற்காது. பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை மாட்டி, கொக்கியை நீங்களே இழுத்துப் பாருங்கள்.

திருநெல்வேலி: உங்கள் ஆற்றைக் கோதையாறு என்று சொல்லுங்கள், குழித்துறையாறு என்று சொல்லுங்கள். சிலர் தாமிரபரணி என்கிறார்களே, அது எங்கள் ஆறு இல்லையா?

அண்ணாச்சி, இதற்கு நின்று பதில் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பெரியவர்கள் மலைப்பக்கத்தில் கோதையாறு என்பார்கள். பேச்சிப்பாறை அணை அதன் மேல் இருக்கிறது. பெருஞ்சாணி அணை பரளியாற்றின் மேல். இரண்டும் மூவாற்றுமுகத்தில் கலந்தபின் குழித்துறையாறு. அரசு ஏடுகளில் குழித்துறைத் தாமிரபரணி என்றே எழுதுகிறார்கள். உங்கள் ஆறும் எங்கள் ஆறும் ஒரே மலைத்தொடரில் பிறந்தவை. உங்களுடையது கிழக்கே இறங்கிப் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது, எங்களுடையது மேற்கே இறங்கித் தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலில் சேர்கிறது. ஒரே பெயரை அக்காள் தங்கை இருவருக்கும் வைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அருமனை: விட்டுக்கொடுக்காதீர்கள் அண்ணே. நம்ம தண்ணீர்தானே அவர்கள் ஜில்லாவுக்கும் போகிறது?

போகிறது, ராதாபுரம் கால்வாய் வழியாக. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று அங்கே ஏக்கம், இங்கே நமக்கே போதவில்லை என்று கோபம். இரண்டு பக்கமும் விவசாயிதான் நிற்கிறான். பெயருக்காகச் சண்டை போடுவதைவிட, பேச்சிப்பாறையில் சேறு படிந்து கொள்ளளவு குறைவதைப் பற்றி இரண்டு ஜில்லாக்காரர்களும் சேர்ந்து கேட்டால் நல்லது.

திருநெல்வேலி (மறுபடி): இருந்தாலும் இலக்கியத்தில் வரும் பொருநை எங்களுடையதுதான்.

அது உங்களுடையதுதான் அண்ணாச்சி, மறுப்பே இல்லை. ஒரு நாள் வாருங்கள், திற்பரப்பில் ஒரே படகில் போவோம்.

குளச்சல்: ரயிலில் ஆறு எந்தப் பக்கம் தெரியும்?

தக்கலைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மணவாளக்குறிச்சி: திங்கள்கிழமை போனால் பத்மநாபபுரம் அரண்மனையும் சேர்த்துப் பார்க்கலாமா?

திங்கள்கிழமை அரண்மனை விடுமுறை.

நாகர்கோவில், கல்லூரி மாணவர்: பேச்சிப்பாறையில் வெள்ளைக்காரர் கல்லறை இருப்பது உண்மையா?

உண்மை. அலெக்சாண்டர் மிஞ்சின், அணையைக் கட்டிய பொறியாளர். திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்தார்கள். மலைவாழ் காணி மக்களின் காட்டுக்கு நடுவே ஒன்பது வருட வேலை. ஊர்க்காரர்கள் அவரை மூக்கன் துரை என்பார்கள். அணைக்குப் பக்கத்திலேயே அடக்கம். நாஞ்சில் நாட்டில் ஒரு பூ (ஒரு போகம்) நெல் விளைவித்தவர்கள் எல்லாம் அங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

களியக்காவிளை: மூவாற்றுமுகத்தில் தண்ணீர் முட்டளவுதானே? பையன்கள் குளித்தால் என்ன?

வேண்டாம். மணல் அள்ளிய இடமெல்லாம் கயம். முட்டளவு நிற்கும் இடத்திலிருந்து இரண்டு எட்டு வைத்தால் ஆளை முழுக்கும். என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் அப்படித்தான் போனான். மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். குளிக்க ஆசையென்றால் திற்பரப்பு அருவியில், கம்பி கட்டிய இடத்துக்குள், காவலுக்கு ஆள் நிற்கும்போது குளிக்கட்டும்.

கருங்கல்: தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்திலும் படகில் போகலாமா?

கரையில் நின்று பாருங்கள், போதும். தொழில் தெரிந்த மீனவர்களே அந்த முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்து இறந்திருக்கிறார்கள்.

ஈத்தாமொழி: ரயிலில் ஜன்னல்...

வலது பக்கம். மலை தெரியும். ஆறு தெரியாது.

மார்த்தாண்டம்: நாளை காலை கிளம்புகிறோம். ராத்திரியெல்லாம் மழை. போகலாமா?

நீங்கள் மார்த்தாண்டத்திலேயே இருக்கிறீர்கள், விடிந்ததும் குழித்துறை சப்பாத்துப் பாலம் (ஆற்றை ஒட்டித் தாழக் கட்டிய பாலம்) வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். சப்பாத்துக்கு மேல் தண்ணீர் ஓடினால் திற்பரப்பில் குளியலும் இருக்காது, படகும் இருக்காது. திருவட்டாறு போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். கல் தெரிந்தால் கிளம்புங்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.