பாளையங்கோட்டையில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு, ஆள் வந்தால் விளக்கு எரிந்து சைரன் அடிக்கும் கேமரா போடலாமா?

போடலாம். ஆனால் டப்பாவில் ‘110 டெசிபல் சைரன்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதீர்கள். கத்துகிற கேமரா இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. யாரைப் பார்த்துக் கத்த வேண்டும், யாரைப் பார்த்தால் பேசாமல் இருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைப்பதில்தான் முக்கால்வாசி வேலை.

நான் பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம் பக்கம் கேமரா பொருத்தும் வேலை பார்க்கிறேன். நீங்கள் பெங்களூரில் இருப்பதாகவும், பெற்றோர் இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டதாகவும், வீட்டுக்கு முன்னால் கேட்டும் பின்னால் கிணற்றோடு புறவாசலும் உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

2019 ஆகஸ்டில் கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில் நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். தோட்டத்து வீட்டின் வெளியே உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தை முகமூடி போட்டவன் ஒருவன் பின்னாலிருந்து துணியால் இறுக்க, உள்ளேயிருந்து ஓடி வந்த அவர் மனைவி கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து வீசினார். அரிவாளோடு வந்தவர்களைக் கணவனும் மனைவியும் பிளாஸ்டிக் நாற்காலியாலேயே துரத்தினார்கள். அந்தச் சுதந்திர தினத்தில் அரசு அவர்களுக்கு வீர விருது கொடுத்தது. எல்லோரும் வீடியோவைப் பார்த்து அசந்துபோனார்கள். இந்தத் தொழிலில் இருப்பவன் கண்ணில் இன்னொன்றும் படும். கேமரா அத்தனையையும் அழகாகப் பதிவு செய்தது, ஒன்றையும் தடுக்கவில்லை. நீங்கள் கேட்கும் வகைக் கேமரா இந்த இடத்துக்குத்தான் வருகிறது. ஆள் கேட்டைத் தாண்டும்போதே ‘உன்னைப் பார்த்தாயிற்று’ என்று அவனுக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

அதைச் சைரனைவிட விளக்கு நன்றாகச் செய்யும் என்பது என் அபிப்பிராயம். அதிலும் ராத்திரி முழுக்க எரிகிற விளக்கு வேண்டாம். சும்மா இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் கருப்பு வெள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்து, ஆள் வந்தால் மட்டும் வெள்ளை விளக்குக்கு மாறுகிற மாடலாக வாங்குங்கள். இருட்டில் பதுங்கி வருபவனின் முகத்தில் திடீரென வெளிச்சம் அடித்தால் அவன் கட்டாயம் நிமிர்ந்து பார்ப்பான். முகமும் கலரில் பதிவாகும். எப்போதும் எரியும் விளக்கென்றால் ஐப்பசி மழை விட்டதும் ஈசல் மொய்க்கும், அதைத் தின்னப் பல்லி வரும். காலையில் பார்த்தால் ராத்திரி முழுக்கப் பல்லி வயிறுதான் ரெக்கார்டு ஆகியிருக்கும்.

பேட்டரியில் ஓடும் வைஃபை கேமராவை உங்கள் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். அவற்றில் பெரும்பாலும் பிஐஆர் சென்சார்தான் இருக்கும். மனித உடம்பின் சூட்டுக்கும் பின்னால் இருக்கிற சுவர், தரையின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அது ஆளைக் கண்டுபிடிக்கிறது. சித்திரை, வைகாசியில் நம்மூர்ச் சுவர் ராத்திரியிலும் அனலடிக்கும். வித்தியாசம் குறையக் குறைய அதற்கு ஆள் தெரியும் தூரமும் குறையும். படத்தைப் பார்த்தே மனிதனா நாயா என்று பிரித்தறியும் ஏஐ வசதியுள்ள கேமராவை வயரில் போடுவதுதான் நல்லது. அந்த முடிவைக் கேமராவே எடுப்பதால், நெட் போனாலும் விளக்கும் சைரனும் வேலை செய்யும். உங்கள் போனுக்குச் செய்தி வராது, அவ்வளவுதான். கடைக்காரரிடம் இதை மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

லென்ஸ் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘அகலமாகத் தெரியும்’ என்று எல்லா இடத்துக்கும் 2.8 மில்லிமீட்டர் போட்டுவிடுவார்கள். தெரியாத ஆளின் முகத்தை அடையாளம் சொல்ல வேண்டுமானால், படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சலாவது வேண்டும் என்பது கணக்கு. 4 மெகாபிக்சல் கேமராவில் 2.8 லென்ஸ் போட்டால் ஏறக்குறைய 4 மீட்டர் வரைதான் அது கிடைக்கும். 4 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 6 மீட்டர். அதைத் தாண்டினால் ஆள் நடமாட்டம் தெரியும், யார் என்று தெரியாது. உங்கள் கேட் சுவரிலிருந்து இருபதடி என்றால் அங்கே 4 மில்லிமீட்டர், புறவாசலுக்கு 2.8. உயரம் எட்டிலிருந்து ஒன்பது அடி. எட்டக் கூடாது என்று மாடி விளிம்பில் மாட்டினால் உச்சந்தலைதான் பதிவாகும். சன்ஷேடுக்கு அடியில் பொருத்துவது மழைக்கு நல்லது. ஆனால் பக்கத்து வெள்ளைச் சுவரோ சன்ஷேடின் அடிப்பாகமோ ஃபிரேமுக்குள் வந்துவிடாமல் பாருங்கள். இன்ஃப்ராரெட் அதில் பட்டுத் திரும்பினால் படம் முழுக்கப் பனி மூடிய மாதிரி ஆகிவிடும்.

இனி செட்டிங். திருநெல்வேலி டவுனில் ஒரு வளவு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பி வாங்கிய கேமரா, நல்ல மாடல்தான். பொருத்தியவர்கள் எல்லாவற்றையும் 24 மணி நேரமும் ஆன் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். விடியற்காலையில் ஆச்சி வாசல் தெளிக்கக் குனிந்தால் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் வெட்டும். கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்தால் சைரன். நான் போனபோது அடாப்டர் சுவரில் இல்லை. அடுக்களையில் புளிப் பானைக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்தார். “என்னையத்தான் தம்பி தெனமும் திருடின்னு கூப்பாடு போடுது” என்றார்.

அதனால் உங்கள் வீட்டுக்கு நான் வைக்கிற விதம் இதுதான். மனிதன் மட்டும் என்ற ஃபில்டரைப் போட்டுவிட்டால் தெருநாய், மயில், வேப்பங்கிளை ஆட்டம் எல்லாம் பெரும்பாலும் கழிந்துவிடும். கண்காணிக்கும் கட்டத்தைத் தெருவில் வரையக் கூடாது, காம்பவுண்டுக்கு உள்ளே மட்டும் வரைய வேண்டும். இல்லையென்றால் ரெண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டுப் போகிறவர்களை எல்லாம் மிரட்டும். கேட்டுக்கு உள்ளே ஒரு கோடு. அதைத் தாண்டினால் விளக்கும் உங்கள் போனுக்கு அலெர்ட்டும். வாசல் கதவை ஒட்டி இன்னொரு கட்டம். அதற்குள் வந்தால்தான் சைரன், அதுவும் பத்து நொடி. ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியாக இப்படி வைக்க முடிகிற மாடலாகப் பாருங்கள். சைரனுக்கு நேரம் ராத்திரி 10.30 முதல் 4.30 வரை. மார்கழி வந்தால் அம்மா இன்னும் சீக்கிரம் எழுந்திருப்பார், அந்த மாதம் சைரன் அடங்கும் நேரத்தை இன்னும் சீக்கிரமாக்கிவிடுங்கள். மின்னுகிற விளக்கு வேண்டாம், நிலையாக எரியும் வெள்ளை விளக்கே போதும். கோலம் போடவும் உதவும். அப்புறம், சைரன் எப்படிக் கேட்கும் என்று பகலில் அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை அடித்துக் காட்டுங்கள். முதல் தடவையாக நள்ளிரவில் கேட்டால் திருடனுக்கு முன்னால் அவர்களுக்குத்தான் நெஞ்சு படபடக்கும்.

குரல் எச்சரிக்கை பெரும்பாலும் இங்கிலீஷில் ஒரு பெண் பேசுவதாக வரும். பேங்க் ஏடிஎம்முக்குள் நுழைந்த மாதிரி இருக்குமே தவிர யாரும் பயப்பட மாட்டார்கள். சொந்தமாகப் பேசிப் பதிவு செய்ய முடிகிற மாடல்கள் உண்டு. குரல் கனமான பெரியப்பா யாரையாவது பிடித்து, “ஏலே, யாருல அது? கேட்டுக்குள்ள என்ன சோலி?” என்று பேசச் சொல்லிப் போடுங்கள். வீட்டுக்குள் ஆள் முழித்திருக்கிற மாதிரி இருக்கும். அப்பா குரல் வேண்டாம், வயதானவர் என்று தெரிந்துவிடும்.

வயரிங் பற்றிச் சுருக்கமாக. கேமராவுக்கு இழுக்கும் கேட்6 (Cat6) நெட்வொர்க் கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தில் செம்பு முலாம் பூசியது விலை குறைவு, ஆனால் அதிலேயே கரண்டும் போகும்போது தூரத்துக் கேமரா ராத்திரியில் விளக்கு எரியும் நேரம் பார்த்து ஆஃப் ஆகி ஆன் ஆகும். ரெக்கார்டர், அந்தக் கேபிளிலேயே கேமராவுக்குக் கரண்டும் அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச், மோடம் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். பல வீடுகளில் இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் இழுத்திருப்பார்கள், மோடம் பிளக் அதில் இருக்காது. ரெக்கார்டரைப் பட்டாசலில் டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். உள்ளே வருபவன் அதைத்தான் முதலில் கழற்றுவான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த் தட்டில் வைத்திருந்தவர்களுக்குப் பெட்டியும் போனது, பதிவும் போனது. காற்றோட்டமுள்ள பரண் நல்ல இடம். ஹார்டு டிஸ்க் 2 டிபி போதும். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எடுத்தால் நாளுக்கு 21.6 ஜிபி, நான்கு கேமராவுக்கு 23 நாள் வரை நிற்கும். ஒட்டடைக்கம்பால் மாதம் ஒருமுறை கேமரா முகத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். லென்ஸுக்கு முன்னால் ஒரு சிலந்தி நூல் ஆடினாலும் இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் வடக்கயிறு மாதிரி தெரியும்.

அலெர்ட் உங்களுக்கு மட்டும் வந்தால் பெங்களூரிலிருந்து என்ன செய்வீர்கள்? பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் போனிலும் அதே ஆப்பைப் போட்டு, வாசல் கேமராவை மட்டும் பகிர்ந்துவிடுங்கள். அவசரத்துக்கு 100 அல்லது 112. பெங்களூரிலிருந்து 100 அடித்தால் அங்குள்ள கண்ட்ரோல் ரூமுக்குத்தான் போகும், அதனால் பாளையங்கோட்டையில் உங்கள் ஏரியா ஸ்டேஷனின் நேரடி எண்ணைப் போனில் பதிந்துவையுங்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கோ, ஊர்க் கோயில் கொடை விழாவுக்கோ வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் கிளம்பினால், அந்த ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கடைசியாக, என் தொழில்காரர்களே என்னைத் திட்டக்கூடிய விஷயம் ஒன்று. பொருத்த வருபவர் தன் போன் நம்பரில் கணக்கு ஆரம்பித்து, உங்களுக்கு அதிலிருந்து ‘ஷேர்’ செய்துவிட்டுப் போவது சாதாரணமாக நடக்கிறது. அப்படியென்றால் உங்கள் வீட்டு முற்றம் என்றைக்கும் அவர் போனில் ஓடும். கணக்கு உங்கள் நம்பரில், உங்கள் பாஸ்வேர்டில் தொடங்கப்பட வேண்டும். அவர் கிளம்பிய பிறகு அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். விலை ரொம்பக் குறைத்துச் சொல்கிறார்கள் என்றால் பழைய ஸ்டாக்கா என்று கேட்டு, மாடல் எண்ணோடு பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள்.