சைக்கிள் கேள்வி பதில்: புதுச் செயினும் பழைய பல்லும்

கேள்வி: கியர் சைக்கிளில் செயின் தேய்ந்துவிட்டது என்று புதிது மாட்டினேன். அன்றிலிருந்தே எழுந்து நின்று மிதித்தால் 'கடக்'கென்று வழுக்குகிறது. எல்லாக் கியரிலும் இல்லை, இரண்டு மூன்றில் மட்டும். பழைய செயின் இப்படிப் படுத்தியதே இல்லை. புதுச் செயின் மட்டமானதா?

பதில்: செயின் மேல் பழி வேண்டாம். 'இரண்டு மூன்றில் மட்டும்' என்கிறீர்களே, அவை நீங்கள் அதிகம் ஓட்டும் கியர்களாகத்தான் இருக்கும். தேய்ந்திருப்பது பின்சக்கரத்துப் பல்.

செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஓட ஓடப் பின் தேய்ந்து இந்த இடைவெளி கூடும். செயின் நீண்டுவிட்டது என்கிறோம், ஆனால் தகடு எதுவும் இழுபடுவதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டுகள் ஒவ்வொன்றிலும் மயிரிழை தேய்ந்ததன் கூட்டுத்தொகைதான் அந்த நீளம். இப்படி நீண்ட செயின் தன் அளவுக்கு ஏற்றபடி பற்களையும் அரித்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தே கெட்டதால் இத்தனை நாள் ஒத்துப்போயின. சரியான அளவுள்ள புதுச் செயின் வந்து உட்கார்ந்ததும் பாரம் பல பற்களுக்குப் பிரியாமல் ஓரிரண்டின் மேல் விழுகிறது. அழுத்தி மிதிக்கும்போது செயினின் உருளை பல்லின் சரிவில் ஏறித் தாண்டிவிடுகிறது.

பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டை மாற்றுவதுதான் வழி. அதற்கு முன் வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாக் கியரிலும், சீரான இடைவெளியில் ஒருமுறை துள்ளுகிறது என்றால் செயினில் ஒரு மூட்டு இறுகியிருக்கிறது. பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி, பின் கியர் கையில் தொங்கும் சின்னச் சக்கரங்களைக் கவனியுங்கள். இறுகிய மூட்டு அங்கே வளையாமல் விறைத்துக்கொண்டு போகும். அந்த மூட்டை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக அசைத்தால் விட்டுக்கொடுத்துவிடும்.

அடுத்த செயினுக்காவது அளவெடுக்கப் பழகுங்கள். எஃகு ஸ்கேல் ஒன்று போதும். செயினை விறைப்பாக வைத்து, ஒரு பின்னின் மையத்திலிருந்து 24 பின் தள்ளி உள்ள பின்னின் மையம் வரை அளந்தால் புதுச் செயினில் 304.8 மி.மீ. (12 அங்குலம்) வரும். 306.3 வந்தால் அரை சதவீதத் தேய்மானம். 11, 12 கியர் கேசட் என்றால் அப்போதே செயினை மாற்றிவிட வேண்டும். 8, 9, 10 கியர் என்றால் 307.1 வரை போகலாம். 308-ஐ நெருங்கவிட்டால் செயினோடு கேசட்டுக்கும் சேர்த்துச் செலவு. செயின் கேசட்டைவிட மலிவு என்பதால் செயினை அடிக்கடி மாற்றுவதே சிக்கனம்.

புதுச் செயினை வெட்டும்போது பழையதன் பக்கத்தில் தொங்கவிட்டு அளக்காதீர்கள், பழையது நீண்டிருக்கிறதே! மூட்டுகளை எண்ணி வெட்டுங்கள். எண்ணெய் விடுவதிலும் ஒரு வார்த்தை: ஒவ்வொரு உருளையிலும் ஒரே ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெளியே பளபளவென்று எண்ணெய் நின்றால் தூசியைப் பிடித்து உப்புத்தாளாக மாறி அரைக்கும்.

கேள்வி: டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஒரு கட்டத்தைக்கூட (ஒரு நாள் ஓட்டத்தைக்கூட) முதலாவதாக முடிக்காத ஒருவர் ஒட்டுமொத்தப் பட்டத்தை வெல்ல முடியுமா?

பதில்: முடியும், நடந்தும் இருக்கிறது. 1990-ல் கிரெக் லெமாண்ட், 2017-ல் கிறிஸ் ஃப்ரூம் இருவரும் அந்த ஆண்டு ஒரு கட்டம்கூட வெல்லாமலே, முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியோடு பாரிஸ் போய்ச் சேர்ந்தவர்கள். அங்கே எண்ணுவது வெற்றிகளை அல்ல, நேரத்தை. 21 கட்டங்களுக்கும் ஆன நேரத்தைக் கூட்டினால் யாருடையது மிகக் குறைவோ அவரே வெற்றியாளர்.

சமதளக் கட்டத்தில் நூறு பேர் ஒரே கும்பலாக வந்து கோட்டைத் தாண்டினால் அத்தனை பேருக்கும் ஒரே நேரம்தான் எழுதப்படும். முதல் மூவருக்கு மட்டும் 10, 6, 4 வினாடி கழிவு உண்டு. கும்பலுக்குள் பத்திரமாக ஒளிந்து வந்தவருக்கு நஷ்டம் அந்த 10 வினாடியோடு போயிற்று. ஆனால் ஒரு மலை ஏற்றத்திலோ, தனியாக ஓட்டும் நேரப் போட்டியிலோ ஒன்றிரண்டு நிமிடம் அடித்துவிடலாம். ஆகவே பட்டத்துக்கு ஓட்டுபவர் பத்துப் பன்னிரண்டு நாள் சும்மா வருவது போலத் தெரிவார். சமதளக் கட்டங்களில் வழக்கமாகக் கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்தவருக்கும், பஞ்சரானவருக்கும், விழும்போது எந்தக் கும்பலில் இருந்தாரோ அதன் நேரமே கொடுக்கப்படும். இதனால்தான் பட்டத்துக்கு ஓட்டுபவர்கள் அந்த 3 கி.மீ. பலகை வரை முன்வரிசையில் முண்டியடித்துவிட்டு, அதைத் தாண்டியதும் கடைசிப் பாய்ச்சலில் வல்ல ஸ்பிரிண்டர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்கள்.

வினாடிக்கு என்ன விலை என்று தெரிய 1989-ஐப் பாருங்கள். கடைசி நாள், 24.5 கி.மீ. நேரப் போட்டி. லோரான் ஃபின்யோன் 50 வினாடி முன்னிலை. லெமாண்ட் கைகளை முன்னால் நீட்டிக் குறுக்கிக்கொள்ளும் புதுவகை ஹேண்டில்பாரும் நீள்வால் ஹெல்மெட்டும் போட்டு ஓட்டினார். ஃபின்யோன் வெறுந்தலை, பின்னால் பறக்கும் குடுமி. லெமாண்ட் 58 வினாடி வேகமாக முடித்தார். மூன்று வாரப் பந்தயத்தின் தீர்ப்பு 8 வினாடி. இன்றுவரை இதைவிடக் குறுகிய வித்தியாசம் அந்தப் பந்தயத்தில் வந்ததில்லை.

கேள்வி: என் சைக்கிள் டயரில் 28 x 1½ என்று போட்டிருக்கிறது. 700 x 38 டயர் கிடைக்கிறது. 28 அங்குலம், 700 மி.மீ. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே, மாட்டலாமா?

பதில்: மாட்ட முடியாது. உங்கள் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மி.மீ., 700சி டயருக்கு 622. 13 மி.மீ. சின்ன டயரை எந்த நெம்புகோலாலும் அதற்குள் ஏற்ற முடியாது.

அங்குலக் கணக்கை நம்பி டயர் வாங்குவது பெரும் தொல்லை. 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் 559, 571, 584, 590 என்று நாலு அளவு நடமாடுகிறது. மலைச் சைக்கிளின் 29 அங்குலமும் ரேஸ் சைக்கிளின் 700சி-யும் ஒரே 622. பழைய 27 அங்குலமோ 630. ரிம்மைப் பொறுத்தவரை 27 தான் 29-ஐவிடப் பெரியது! டயரின் பக்கச் சுவரில் 40-635, 37-622 என்பது போல ஓர் எண் சிறியதாக இருக்கும். முன்னது டயரின் அகலம், பின்னது ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். பின்னது அச்சுப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். முன்னதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் உரசாதவரை.

கேள்வி: பெடலைக் கழற்ற முயன்றேன். வலதுபக்கம் கழன்றது, இடதுபக்கம் அசையவே இல்லை. துருவா?

பதில்: துருவாகவும் இருக்கலாம், ஆனால் நீங்கள் இறுக்கிக்கொண்டிருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இடது பெடலின் மரை தலைகீழானது. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். சாதாரண மரை போட்டிருந்தால், மிதிக்கும் அழுத்தம் அச்சைச் சுற்றிச் சுற்றி விழுவதால் அது தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும். ஸ்பேனரைச் சைக்கிளின் முன்சக்கரம் பார்க்க மேல்பக்கமாக மாட்டி, பின்சக்கரத்தை நோக்கித் தள்ளுங்கள். இரண்டு பெடலுக்கும் இந்த ஒரே கணக்குதான். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, முதல் நாலு சுற்றைக் கையாலேயே சுற்றுங்கள். கையால் ஏறாத பெடலை ஸ்பேனரால் ஏற்றினால் கிராங்க்கின் அலுமினிய மரை வழித்துக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி: தனியாக ஓட்டினால் 35 கி.மீ. வேகத்துக்கே மூச்சு முட்டுகிறது. கூட்டத்தோடு போனால் 40 கூட எளிதாக இருக்கிறது. அவ்வளவு வித்தியாசமா?

பதில்: அவ்வளவுதான். சமதளத்தில் அந்த வேகத்தில் உங்கள் உழைப்பின் பெரும்பகுதியைத் தின்பது காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு, அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்கு. 35-லிருந்து 40-க்குப் போகக் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். முன்னால் இருப்பவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் அந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம். பெரிய கும்பலின் நடுவில் இன்னும் எவ்வளவோ அதிகம்.

பக்கக்காற்று அடித்தால் கணக்கு மாறும். வலப்பக்கமிருந்து காற்று வந்தால் ஒதுங்கும் இடம் முன்னவருக்கு நேர் பின்னால் இல்லை, சற்று இடப்பக்கம். ஒருவர் பின் ஒருவராகச் சரிந்த வரிசை அமையும். சாலையின் அகலத்துக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் அதில் இடம். மிஞ்சியவர்கள் சாலை ஓரத்தில் நேர்வரிசையாக, ஒதுங்க இடமின்றிக் காற்றைத் தின்றுகொண்டு வருவார்கள். ஒருவர் களைத்து இடைவெளி விட்டதும் பின்னால் உள்ள எல்லோரும் அறுந்துவிடுவார்கள். மலையே இல்லாத நாளில் பட்டம் கைமாறுவது இப்படித்தான்.

புதிதாகக் கூட்டத்தில் ஓட்டுபவர்கள் முன்னவரின் பின்சக்கரத்தோடு உங்கள் முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் மேற்படிய விடாதீர்கள். அவர் சற்று ஒதுங்கினால் அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது நீங்கள். அரைச் சக்கர இடைவெளி விடுங்கள். நெருங்கிவிட்டால் பிரேக்கைப் பிடிக்காமல், கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நெஞ்சில் படும் காற்றே வேகத்தைக் குறைத்துவிடும்.

கேள்வி: செயினுக்கு ஸ்ப்ரே அடித்த பிறகு பின் டிஸ்க் பிரேக் அலறுகிறது, பிடிப்பதும் இல்லை. பிரேக் ஆயிலைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஸ்ப்ரே டிஸ்க்கில் பட்டு, அங்கிருந்து டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடுக்குப் போயிருக்கிறது. ஆயிலைத் தொட வேண்டாம். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தமான துணி கொண்டு துடையுங்கள், விரல் படாமல். பேடை மேலாக உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்கலாம். எண்ணெய் உள்ளே ஊறியிருந்தால் ஒன்றிரண்டு நாளில் மறுபடி அலறும், புதுப் பேடுதான் தீர்வு. புதுப் பேடைப் பழக்கவும் வேண்டும்: மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் சீராகப் பிடித்து, நடை வேகத்துக்கு வந்ததும் விட்டுவிடுங்கள். இருபது தடவை செய்தால் பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் ஒட்டிப் பிடிப்பு வரும்.

என்றாவது ஆயில் மாற்றும்போது, பிரேக் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஷிமானோ நிறுவனத்தின் பிரேக்குகளுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் நிறுவனத்தின் ரோடு பிரேக்குகளுக்கு டாட் 5.1 திரவம். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக்கே வீணாகும்.

கேள்வி: பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாதாமே, ஏன்?

பதில்: உலக சைக்கிள் சங்கமான யுசிஐ 2000-லிருந்து வைத்திருக்கும் விதி, எடை குறைக்கும் வெறியில் எளிதில் உடையும் சைக்கிள் சட்டங்கள் (ஃபிரேம்கள்) வரக்கூடாது என்பதற்காக. எல்லையைத் தொடச் சட்டத்துக்குள் எடை சேர்த்து ஓட்டியவர்களும் உண்டு. வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஒரு மணி நேரச் செங்குத்து ஏற்றத்தில் ஒரு கிலோ குறைவதால் கிடைப்பது 40 வினாடி அளவில். சமதளத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தயத் தடத்தில் ஓடும் சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாதாமே, எப்படி நிறுத்துகிறார்கள்?

பதில்: காலால். அந்தச் சைக்கிளில் ஃப்ரீவீல் இல்லை. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், கால் சும்மா இருக்க முடியாது. பெடலைப் பின்னோக்கி அழுத்தித் தடுத்தால் வேகம் குறையும். 250 மீட்டர் தடத்தின் வளைவுகள் 40 பாகைக்கு மேல் சாய்ந்தவை. அந்தச் சாய்வில் மேலே ஏறினாலும் வேகம் தானே விழும். பிரேக் வைத்தால்தான் ஆபத்து: ஒரு சாண் இடைவெளியில் வரும் கூட்டத்தில் முன்னவர் சட்டென்று பிடித்தால் பின்னவர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இப்படிக் காலால் தடுக்கும்போது பின் பல்சக்கரத்தின் மேல் அதைக் கழற்றும் திசையில் விசை விழுகிறது. அதனால் பல்சக்கரத்தை ஏற்றியபின் அதற்கு வெளியே ஒரு பூட்டு வளையம் போடுவார்கள், தலைகீழ் மரையில். பல்சக்கரம் கழலப் பார்த்தால் வளையம் இன்னும் இறுகும். வளையத்தை மறந்துவிட்டுத் தடத்தில் இறங்கியவருக்கு, முதல்முறை காலை எதிர்த்து அழுத்தும்போது பல்சக்கரம் கழன்று சுற்றும். பெடலுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்து, பிரேக்கும் இல்லாமல் வளைவில் நிற்பார். ஆகவே பல்சக்கரத்தை மாற்றியதும் முதலில் அதைச் சங்கிலிச் சாவியால் நன்றாக இறுக்கி, வளையத்தைப் போட்டு, சில நூறு மீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு, வளையத்தை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.