கை சர்ஜன்கிட்ட என்ன வேணா கேளுங்க

ஆர்த்தோ (எலும்பு மருத்துவம்) முடிச்சு, அதுக்கு மேல கை சர்ஜரி படிச்சு, இப்போ 14 வருஷமா கை மட்டும்தான் பாக்குறேன். இன்னிக்கு ட்யூட்டி இல்ல, கேளுங்க. எக்ஸ்ரே போட்டோ அனுப்பி ஆபரேஷன் வேணுமானு மட்டும் கேக்காதீங்க, கையத் தொட்டுப் பாக்காம நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சார், நான் ஹவுஸ் சர்ஜன். இந்த லைனுக்கு வர எத்தன வருஷம் ஆகும்?

எம்பிபிஎஸ் அஞ்சரை, எம்எஸ் ஆர்த்தோ 3, அப்புறம் கை சர்ஜரிக்குனு எம்.சிஎச். பட்டம்னா இன்னும் 3, எஃப்என்பினு ஒரு ஃபெலோஷிப்னா 2. கூட்டிப் பாத்துட்டு ஓடிடாத தம்பி. நம்ம ஊர்ல இதுக்கு நல்ல பாரம்பரியம் இருக்கு. வேலூர் சிஎம்சில டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால மடங்கிப்போன விரலுக்கெல்லாம் தசைநார (சதைய எலும்போட கட்டுற கயிறு) மாத்தி வச்சு நிமித்துனாரு, சென்னை ஸ்டான்லில வெங்கடசாமி சார் 1971ல கைக்குனே தனி யூனிட் ஆரம்பிச்சாரு.

கேள்வி: மூட்டு மாத்துறதுல நல்ல காசாமே, ஏன் டாக்டர் இதுக்கு வந்தீங்க?

காசு அங்கதான், உண்மை. எனக்குப் புடிச்சது வேற. இடது கையால வலது முன்னங்கையப் புடிச்சுட்டு விரல மடக்கிப் பாருங்க, உள்ள சதை ஓடுறது தெரியுதா? விரலுக்குள்ள சதையே கிடையாது, மேல இருந்து கயிறு கட்டி இழுக்குற பொம்மலாட்டம் மாதிரிதான். அந்தக் கயித்துல ஒண்ணு அறுந்தாலும் சட்டை பட்டன் போட முடியாது.

கேள்வி: லேத் பட்டறை வச்சிருக்கேன். விரல் துண்டாயிட்டா ஐஸ்ல போடணும்னு சொல்றாங்களே, சரியா?

நேரா ஐஸ்ல போட்டா விரல் கெட்டுரும்ண்ணே! சுத்தமான துணிய நனச்சுப் புழிஞ்சு அதுல சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவர ஐஸ் தண்ணில வைங்க. அடிபட்ட கைய துணி வச்சு அழுத்திக் கட்டி உசத்திப் புடிங்க. கரும்பு ஜூஸ் மெஷின்ல நசுங்குனத விட சுத்தமா வெட்டுப்பட்டது ஒட்ட சான்ஸ் அதிகம். கை முழங்கைக்கு மேல துண்டாயிருந்தா 6 மணி நேரத்துக்குள்ள வந்தாகணும், சதை தாங்காது.

கேள்வி: ஒரு விரல் ஒட்ட எவ்ளோ நேரம்?

ராத்திரி 11க்கு ஆரம்பிச்சா விடிஞ்சுரும். மொதல்ல எலும்புக்கு கம்பி, அப்புறம் தசைநார், அப்புறம் மைக்ராஸ்கோப்புக்குக் கீழ சுமார் ஒரு மில்லிமீட்டர் ரத்தக்குழாய், முடிய விட மெல்லிசான நூல்ல தையல். ரத்தக்குழாயப் புடிச்சிருந்த கிளாம்ப எடுத்ததும் வெளுத்துக் கிடக்குற நுனி மெதுவா ரோஸ் கலராகும் பாருங்க, அந்த ஒரு நிமிஷம் ஆபரேஷன் தியேட்டர்ல யாரும் பேச மாட்டாங்க. அப்படி ஒட்டுன விரல ஒருத்தர் நாலாம் நாள் பாத்ரூம்ல ஒளிஞ்சு பீடி புடிச்சு கறுக்க வச்சுட்டாரு. ரத்தக்குழாய் சுருங்கிப்போச்சு, விரல் போச்சு.

கேள்வி: பையனுக்கு கண்ணாடி கிழிச்சு நரம்பு தச்சு 3 வாரமாச்சு, விரல் மடங்கவே இல்ல. ஆபரேஷன் ஃபெயிலாங்க டாக்டர்?

நீங்க நரம்புனு சொல்றது தசைநாராத்தான் இருக்கும்மா. 3 வாரத்துல விறைப்பா இருக்குறது சகஜம், ஆனா விரல் கொஞ்சம்கூட அசையலைனா தச்ச டாக்டர்கிட்டயே இந்த வாரம் காட்டிருங்க. தெரபிஸ்ட் சொல்ற பயிற்சிய ஒரு வேளை கூட விடாதீங்க, ஸ்ப்லின்ட (கை அசையாம கட்டுற பட்டை) நீங்களா கழட்டாதீங்க. படிக்கிற காலத்துல நான் அழகா தச்ச விரல் ஒண்ணு, ஓபி கூட்டத்துல 'கைய பாத்துக்கோங்க'னு மட்டும் சொல்லி அனுப்பிட்டேன், அவரு பத்தாம் நாள் ஸ்ப்லின்ட கழட்டிக் குடம் தூக்கிட்டாரு, தச்ச தசைநார் பட்டுனு அறுந்துருச்சு. தப்பு என்னோடதுதான். இப்போ அவங்களையே திருப்பிச் சொல்ல வச்சுட்டுதான் அனுப்புறேன்.

கேள்வி: கையவே மாத்தி வைக்கலாமா?

வைக்கலாம். ஸ்டான்லியிலயே 2018ல ரெண்டு கையும் மாத்துனாங்க. ஆனா வாழ்நாள் பூரா எதிர்ப்பு சக்திய அடக்குற மாத்திர, நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், உணர்ச்சி வர மாசக்கணக்காகும்.

கேள்வி: காபி குடிச்சா கை நடுங்காதா சார்?

ரெண்டு டம்ளர் வரைக்கும் இல்ல. மூணாவது குடிச்சா என் தியேட்டர் சிஸ்டர் முறைப்பாங்க.